மதியத்துக்கான பாதி

கண்ணாடி உடைந்தால் சத்தம் வரும் என்பது ஊருக்கே தெரியும். உடைவதற்கு முன்னால் வருகிற சத்தம் எங்களை மாதிரி வெட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். கையில் பிடிக்கிற குட்டி வெட்டுச் சக்கரம் கண்ணாடிமேல் ஓடும்போது புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராகக் கேட்டால் கோடு சரி. நடுவில் கரகரவென்று ஒரு பிசிறு தட்டினால் கண்ணாடிப் பலகை போச்சு. அன்றைக்கு மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு கடை முகப்புக்கான ஆள் உயரக் கண்ணாடியில் நான் இழுத்த கோடு அப்படித்தான் பிசிறியது.

கோடு கோணியது மட்டுமில்லை, அளவே தப்பு. தாளில் இருந்த அளவைப் பார்த்தேன். மேசைக்குத் திரும்புவதற்குள் மறந்தேன். மறுபடி பார்த்தேன், மறுபடி மறந்தேன். கடைசியில் எனக்கு வந்த கோபத்தில், போனது போகட்டும் என்று நினைவிலிருந்த எண்ணை வைத்துக் கீறிவிட்டேன். அது காலையில் வெட்டிய வேறு ஒருவருடைய ஜன்னல் அளவு.

முதலாளி கத்தவில்லை. எப்போதும் கத்துகிற மனுஷன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்திவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “சில்லு, கையில பட்டுச்சா?” என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒரு பலகையைப் போட்டு உடைத்ததற்கு அவர் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

“படல.”

“அப்ப கேளு. காலையில நீ வெட்டறப்போ இந்தப் பட்டறையில உன்னை மிஞ்ச ஆள் இல்ல. சாப்பிட்டு வந்ததும் வேற யாரோ ஒருத்தி உன் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கறா. நூலகத்து முகப்புக்குப் பெரிய பலகை வருது. கண்ணாடி அனுப்பறவன் கூடுதலா ஒண்ணுகூட அனுப்ப மாட்டான். நீ இருக்கேங்கற தைரியத்துலதான் அந்த வேலையையே ஒத்துக்கிட்டேன். மதியத்துல உன் கை இப்படியே இருந்தா மேசையை வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். நீ பேக்கிங் பக்கம் போயிடு.”

பேக்கிங் என்றால் நாள் முழுக்க அட்டையும் வைக்கோலும் ஒட்டுநாடாவும். அதைக் கேவலம் என்று சொல்லவில்லை. ஆனால் வெட்டு மேசை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை முழுசாகக் கேட்கத் தெரியாதவள், வீட்டில் அடுப்பில் வைத்த பாலை ஒரு தடவைகூடப் பொங்காமல் இறக்காதவள், அந்த மேசைக்கு முன்னால்தான் மனுஷியாக நின்றேன். அதை விட்டுக்கொடுப்பதற்கு எனக்கு மனசே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அப்போதுதான் நான் மருந்து சாப்பிட ஆரம்பித்திருந்தேன். கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று முப்பது வயது தாண்டின பிறகு ஒரு டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்கு ஊக்க மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயரைக் கேட்டதும் மாமா, அதாவது என் அக்கா புருஷன், “ஓட்டப் பந்தயத்துல ஓடறவனெல்லாம் மாட்டிக்கறானே, அந்த மருந்தா? நல்லவேளை, நீ பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டே” என்றார்.

டாக்டரிடம் முதல் தடவை போனபோது அக்காவும் கூட வந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் அவருடைய ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தை எவனோ தேய்க்காமல் மாட்டியிருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனம் நிற்பதற்கான மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்பதைக் கவனிக்காமல் எழுந்து வந்தவள் நான். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

நான் இருப்பதும் அக்கா வீட்டில்தான், அதனால் மருந்து அவளுடைய இலாகா ஆகிவிட்டது. எனக்கு மாத்திரை விழுங்க வராது. சின்ன வயதில் ஒரு தடவை தொண்டையில் சிக்கி மூச்சு முட்டியதிலிருந்து, எந்த மாத்திரையானாலும் நாக்கின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இந்த மருந்து ஒரு கேப்ஸ்யூல். உள்ளே கசகசா அளவுக்குக் குட்டிக் குட்டி மணிகள். உறையைத் திறந்து மசித்த வாழைப்பழத்தில் தூவி, மெல்லாமல் விழுங்கலாம் என்று டாக்டரே வழி சொல்லியிருந்தார். நான் எழுந்து வருவதற்குள் அக்கா கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் தயாராக வைத்திருப்பாள். பட்டறைக்குக் கொண்டுபோகும் பையில் ஒரு வாழைப்பழமும், மடித்த காகிதத்தில் மதியத்துக்கான பாதி மணிகளும் இருக்கும். காலையில் பாதி, மதியம் பாதி. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று நானும் இருந்துவிட்டேன்.

காலையில் மருந்து நன்றாகத்தான் வேலை செய்தது. தலைக்குள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்த ரேடியோக்களில் ஒன்றைத் தவிர மற்றதையெல்லாம் யாரோ அணைத்த மாதிரி இருக்கும். மதியம் இரண்டாவது பாதியைச் சாப்பிட்டால் ஒன்றும் நடக்காது. சுத்தமாக ஒன்றும் நடக்காது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மூளை சுறுசுறுவென்று எழுந்து உட்காரும். நெஞ்சு படபடக்கும். வீட்டில் எல்லோரும் குறட்டை விடும்போது நான் கூரையைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு மறந்துபோன அளவுகளையெல்லாம் தெள்ளத் தெளிவாக ஞாபகப்படுத்திக்கொண்டு கிடப்பேன்.

பலகை உடைந்த மறுநாளே டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். டாக்டர் நாடி பார்த்தார், இரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார். “மருந்தைச் சரியா சாப்பிடறீங்களா?” என்று கேட்டார்.

“ஒரு வேளைகூட விடல டாக்டர். நீங்க சொன்ன மாதிரியே.”

“வாழைப்பழத்துலதானே?”

“ஆமாம்.”

அவர் பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே யோசித்தார். “நீங்க சொல்றது ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே. மதியம் வேலை செய்யலைன்னா அளவு பத்தலைன்னு அர்த்தம், ஏத்தணும். ராத்திரி தூக்கம் வரலைன்னா அளவு ஜாஸ்தின்னு அர்த்தம், குறைக்கணும். ஏத்தினா உங்க ராத்திரி கெடும். குறைச்சா உங்க காலையும் போயிடும். பேசாம வேற மருந்துக்கு மாத்தி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். சரியான அளவு பிடிபடறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் கண்ணாடி வெட்டாம இருக்கறது நல்லது.”

கொஞ்ச நாள் என்பது நூலகத்துப் பலகை வந்து இறங்கி, வேறு ஆள் வெட்டி, மாட்டியும் முடிந்துவிடும் காலம். எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. “டாக்டர், ஏத்தறதோ குறைக்கறதோ மாத்தறதோ, அதுக்கு முன்னாடி இது எப்படி வேலை செய்யுதுன்னு எனக்குப் புரியணும். போன தடவை நான் கேக்கல. இப்ப கேக்கறேன். சொல்லுங்க.”

டாக்டர் நல்ல மனுஷி. வெளியே கூட்டம் காத்திருந்தும் மறுபடி சொன்னார். மூளையில் ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தை இடைவெளியில் விடுகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும், விட்ட செல்லே அதைப் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சேதி போதுமான அளவு நிற்பதில்லை. மருந்து அந்தப் பம்பின் வாயில் போய் அடைத்துக்கொண்டு நிற்கும். ரசாயனம் இடைவெளியில் இன்னும் கொஞ்சம் தங்கும். பார்த்த அளவு மேசை வரைக்கும் தலையில் நிற்கும்.

“அப்ப நிறைய அடைச்சா இன்னும் நிறைய நிக்குமே?”

“நிக்காது. ஒரு அளவுக்கு மேல போனா படபடப்பு வரும், இல்லைன்னா ஆள் மரக்கட்டை மாதிரி ஆயிடுவாங்க. எடை பார்த்துப் போடற மருந்தும் இல்ல இது. உங்களைவிடப் பெரிய உடம்புக்குக் குறைச்ச அளவே போதுமா இருக்கலாம். அதனாலதான் சின்னதுல ஆரம்பிச்சு மெதுவா ஏறறோம்.”

அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வெட்டுச் சக்கரத்தை அழுத்த அழுத்த நன்றாக வெட்டும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைப்பார்கள். அழுத்தினால் கோடு ஆழமாகாது, ஓரம்தான் பொரிந்து போகும். ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு அழுத்தம் இருக்கிறது. அதைக் கையால்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

டாக்டர் ஒரு தாளை எடுத்து அலைபோல ஒரு கோடு வரைந்தார். காலையில் ஒரு மேடு. அது இறங்கும்போதே பக்கத்தில் மதியத்துக்கு இன்னொரு மேடு. “இந்தக் கேப்ஸ்யூல் உங்க நாளை இப்படித் தாங்கணும். உங்க நாள் நிஜமா எப்படிப் போகுதுன்னு பார்த்து வாங்க. அதுவரைக்கும் அதே அளவு போகட்டும். படபடப்பு ரொம்ப அதிகமானா உடனே நிறுத்திட்டுப் போன் பண்ணுங்க” என்றார்.

நான் தாளில் எழுதினால் தாள் தொலைந்துவிடும். அதனால் பட்டறையிலிருந்து கண்ணாடியில் குறி வைக்கிற மெழுகுப் பென்சிலைக் கொண்டுவந்து, என் அறை ஜன்னல் மேலேயே என் நாளை வரைய ஆரம்பித்தேன். தலை தெளிவாக இருந்தால் கோடு மேலே, மங்கினால் கீழே. பட்டறையில் இருக்கும்போது தலை எப்படி இருந்தது என்பதை மேசை ஓரத்தில் குறித்து, போனில் படம் எடுத்து வந்து சேர்த்தேன். அக்கா பார்த்துவிட்டு, “ஜன்னலைத் துடைக்கறது யாரு, உன் டாக்டரா?” என்று கேட்டாள். மாமா ஒருபடி மேலே போய், “மலையெல்லாம் வரைஞ்சிருக்கா, சூரியனைத்தான் காணோம்” என்றார்.

எத்தனை நாள் வரைந்தாலும் கோடு ஒன்றின் மேல் ஒன்றாகத்தான் விழுந்தது. காலையில் ஒரு மேடு. மதியம் பள்ளம். சாயங்காலம் இன்னொரு மேடு. அன்றைக்குப் பல் தேய்த்துக்கொண்டே ஜன்னல் முன்னால் நின்றபோது எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. டாக்டர் வரைந்ததும் இரண்டு மேடுதான். என்னுடையதும் இரண்டு மேடுதான். இரண்டாவது மேடு குள்ளமாகவும் இல்லை, காணாமலும் போகவில்லை. தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். மருந்து எனக்குப் பத்தாமல் இல்லை. தாமதமாக வருகிறது.

ஏன் தாமதமாக வருகிறது? விடுவேனா? டீயை நிறுத்திப் பார்த்தேன். காலைச் சாப்பாட்டை முன்னால் தள்ளிப் பார்த்தேன். மதியம் பாதி வயிற்றோடு எழுந்து பார்த்தேன், அதில் முதலாளியோடு சண்டை வந்ததுதான் மிச்சம். பள்ளம் அங்கேயே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு இடம்தான் நான் பார்க்காத இடமாக மீந்தது. புட்டியிலிருந்து ஸ்பூன் வரைக்கும் மருந்து வருகிற வழி. அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் விடுமுறை. அக்காவுக்கு முன்னால் எழுந்து, முன் அறைக் கதவோரம் போய் நின்றேன். அந்த அறைதான் அவளுடைய பட்டறை. மேடையில் ஆடுகிறவர்களும் கல்யாணப் பெண்களும் போட்டுக்கொள்கிற உடுப்புகளில் மணி கோத்துத் தைக்கிறவள் அவள். மணிகள் பொட்டலத்தில் கலந்துதான் வரும். ஒன்று முழு வெள்ளையாக இருக்கும், ஒன்றில் மஞ்சள் ஒரு சொட்டு கூடியிருக்கும். நமக்கு எல்லாம் ஒன்றுதான். அவளுக்கு இல்லை. நிறம் பிரிக்காமல் ஊசியைத் தொடவே மாட்டாள். பிரிக்காமல் தைத்தால் விளக்கு வெளிச்சத்தில் உடுப்பு திட்டுத் திட்டாகத் தெரியும் என்பாள்.

அக்கா வந்தாள். மேசை விளக்கைப் போட்டாள். கறுப்பு வெல்வெட் தட்டை எடுத்து வைத்தாள். புட்டியிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை எடுத்துத் திறந்து, மணிகளைத் தட்டில் கொட்டினாள். பிறகு மணி பிரிக்கிற குட்டி இடுக்கியை எடுத்து, பொறுக்க ஆரம்பித்தாள். சில மணிகள் இந்தப் பக்கம், சில மணிகள் அந்தப் பக்கம். அவ்வளவு வேகம். எனக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இந்தப் பக்கம் இருந்தவை வெள்ளை. அந்தப் பக்கம் இருந்தவை வெண்ணெய் நிறம்.

“அக்கா, என்ன பண்றே?”

அவள் நிமிரக்கூட இல்லை. “உனக்கு மருந்துதான். பாதி உடனே வேலை செய்யறது, பாதி மதியத்துக்குன்னு டாக்டர் சொன்னாங்களே, நீதான் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தே. கம்பெனிக்காரன் ரெண்டையும் ஒண்ணாக் கலந்து அடைச்சிட்டான். நான் பிரிச்சுடறேன். வெள்ளை காலைக்கு, இது மதியத்துக்கு.”

“தினமும் இப்படித்தான் பிரிக்கறியா?”

“பின்னே? மதியத்துக்கானதை எதுக்குக் காலையிலேயே சாப்பிடணும்? வயித்துக்குள்ள போய் அத்தனை நேரம் கைகட்டிக்கிட்டு உக்காந்திருக்குமா? வீணாப் போயிடாது?”

என் ஜன்னலில் இருந்த பள்ளத்தை யார் தோண்டியது என்று தெரிந்துவிட்டது. கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் என் ஊகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கத்தக்கூடாது என்றும் இருந்தது. கண்ணால் பார்க்க வேண்டும். “அக்கா, இன்னைக்கு எனக்கு மருந்து வேணாம். லீவு நாள்ல விடலாமா?”

“விடலாம்னு டாக்டர் சொன்னாங்க. ஏன்?” டாக்டர் சொன்னதில் ஒரு சொல்கூட அவளுக்கு மறக்கவில்லை.

இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் வெள்ளை மணிகளைப் போட்டேன். இன்னொன்றில் வெண்ணெய் நிற மணிகளைப் போட்டேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதற்காக இரண்டுக்கும் அடியில் அக்காவின் கறுப்பு வெல்வெட்டை விரித்தேன். நாங்கள் இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தோம். மாமா வந்து, “மீன் வளர்க்கறீங்களா? சாப்பாடு போட்டீங்களா?” என்று கேட்டார். நாங்கள் யாரும் சிரிக்காததால் அவரே தம் காபியைப் போட்டுக்கொள்ளப் போனார்.

வெள்ளை மணிகள் சீக்கிரமே ஓரம் மழுங்கின. தண்ணீர் லேசாகக் கலங்கியது. காபி ஆறுவதற்குள் அந்தத் தம்ளரில் மணி என்று சொல்ல ஒன்றும் இல்லை. மற்றத் தம்ளரில் வெண்ணெய் நிற மணிகள் போட்டது போட்டபடி ஆற்று மணல் மாதிரி கிடந்தன. ஸ்பூனால் கலக்கினேன். சுற்றிவிட்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

அக்கா தம்ளரைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “இதுக்கு மேல பூச்சு இருக்குடி,” என்றாள் மெதுவாக. “பூச்சு போட்ட மணி துவைச்சாலும் சாயம் விடாது. பூச்சு இல்லாதது முதல் தண்ணியிலேயே விட்டுடும். நிறம் வேறயா இருந்தது அதனாலதான்.”

“அந்தப் பூச்சு கரைய நேரம் ஆகும் இல்லையா?”

“ஆகும்.” அவள் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. “அப்ப இது மதியத்துல சாப்பிடறதுக்கு இல்ல. மதியத்துல கரையறதுக்கு. காலையில உள்ள போனாத்தான் மதியத்துல…”

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. நான் மதியம் சாப்பிட்ட வெண்ணெய் நிறம் பூச்சோடு காத்திருந்து, நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கரைந்திருக்கிறது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது, அதுவும் நன்றாக. “என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? எத்தனை பலகை உடைச்சேன் தெரியுமா? என் மேசையே போகப் போகுது! ராத்திரி ராத்திரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேனே, பக்கத்து அறையில தூங்கினியே!”

“நல்லதுன்னு நினைச்சுத்தானேடி பண்ணேன்! நீ கேட்டியா? ஒரு நாளாவது கேட்டியா, இது என்ன, எப்படிப் போடறேன்னு? ஸ்பூனைக் கொடுத்தா வாயைத் திறக்கறே, அவ்வளவுதான்!”

அவள் அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழுகிறவள் இல்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டில் ஒட்டியிருந்த ஒரு மணியை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள். “தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து, கண்ணு வலிக்க வலிக்கப் பொறுக்கினேன். உன் மருந்தை நானே கெடுத்துட்டேன்.” எனக்குக் கோபம் இருந்தது. அதோடு பாவமாகவும் இருந்தது. எழுந்து போக மனசில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தம்ளரில் மணிகள் எப்போது உடைகின்றன என்று பார்க்காமல் எழுந்திருப்பதாக இல்லை.

சாப்பாட்டைக்கூட மாமா அங்கேயே கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வந்து பார்த்தபோது, அடியில் இருந்த மணிகள் ஒவ்வொன்றாக உப்பி, மெல்லிய புகை மாதிரி வெள்ளையை விட ஆரம்பித்திருந்தன. அக்காதான் முதலில் பார்த்தாள். “விடுது பாரு, விடுது பாரு” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். காலையிலிருந்து அப்போதுதான் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். பிறகு, “தம்ளர் தண்ணி வயிறு ஆகாது. நேரம் அதே மாதிரி இருக்காது. ஆனா நீங்க புரிஞ்சுக்கிட்டது சரி. சரியா சாப்பிடறீங்களான்னு கேட்டேனே தவிர, எப்படிச் சாப்பிடறீங்கன்னு நான் கேக்கவே இல்ல பாருங்க. எல்லாரும் ‘சரியா’ன்னுதான் சொல்வாங்க” என்றார். அளவு ஏற்ற வேண்டாம், மாற்றவும் வேண்டாம். காலையில் ஒரு கேப்ஸ்யூல், மொத்தமும் ஒரே ஸ்பூனில், தூவின உடனே, மெல்லாமல். கடைசியில், “உங்க அக்காகிட்ட சொல்லுங்க, அந்த நிறத்தைப் பிரிக்க எனக்குக் கண்ணு பத்தாது” என்றார். ஒரு வாரம் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

அடுத்த நாள் காலை நான் போய் அக்காவின் மேசைக்கு எதிரே நின்றேன். இனிமேல் என் மருந்தை நான் பார்க்காமல் விழுங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அக்கா வாழைப்பழத்தை மசித்தாள். கேப்ஸ்யூலைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்தாள். பிறகு கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டாள்.

“ஏன்?”

“பார்த்தா கை சும்மா இருக்காதுடி. பிரிச்சிடுவேன்.”

கண்ணை மூடிக்கொண்டே உறையைத் திறந்து தட்டினாள். வெள்ளையும் வெண்ணெயும் கலந்து விழுந்தன. ஒன்றுகூடச் சிந்தவில்லை. நான் அப்படியே விழுங்கினேன்.

அந்த வாரம் முழுக்க ஜன்னலில் கோடு மாறிக்கொண்டே வந்தது. மதியத்துப் பள்ளம் ஆழம் குறைந்து, ஒரு சின்னக் குழியாகி நின்றது. சாயங்காலத்து மேடு காணாமல் போனது. படுத்ததும் தூங்கினேன். ஆனால் சின்னச் சின்னத் துண்டு வெட்டுவது வேறு, பெரிய பலகை வேறு.

நூலகத்துப் பலகைகள் வந்து இறங்கின. முதலாளி காலையிலேயே முதல் பலகையை மேசையில் ஏற்றச் சொன்னார். “காலையிலேயே வெட்டிடு சில்லு. உன் நேரம் அதுதான்.”

“வேணாம் முதலாளி. மூணு மணிக்கு வெட்டறேன்.”

“விளையாடறியா?”

“இல்ல. காலையில வெட்டினா இந்தப் பலகை மட்டும்தான் தப்பிக்கும். மத்தியானம் என்னால முடியுமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடியலைன்னா நானே கையுறையைக் கழட்டிட்டு பேக்கிங்குக்குப் போறேன். நீங்க சொல்லவே வேணாம்.”

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடவுளைக் கூப்பிடுகிற மாதிரி கூரையைப் பார்த்தார். “உடைஞ்சுதுன்னா நான் அழுவேன், பரவாயில்லையா?” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் அவர் பாஷையில் சம்மதம்.

மூன்று மணிக்கு மேசைக்கு வந்தேன். வயிறு நிறைந்த நேரம், பட்டறை முழுக்கக் கொட்டாவி விடுகிற நேரம். தாளில் இருந்த அளவைப் பார்த்தேன். நடந்து வந்தேன். அளவு நாடாவை இழுத்துக் குறி வைத்தேன். கோடு நேராக வர மரச் சட்டத்தைப் பொருத்தினேன். சக்கரத்தை எண்ணெயில் தொட்டு, தூரத்து ஓரத்தில் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே என் பக்கம் இழுத்தேன். அழுத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சத்தம் ஒரே சீராக, கடைசி ஓரம் வரைக்கும் வந்தது. கோட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு கையாலும் பிடித்து ஒரு தடவை கீழே அழுத்தினேன். டப்பென்று பலகை இரண்டானது.

முதலாளி தாளை எடுத்துக்கொண்டு வந்து தாமே அளந்தார். ஒரு பக்கம் அளந்தார், மறு பக்கம் அளந்தார், மூலைக்கு மூலை அளந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அளவை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். தாளுக்கும் மேசைக்கும் நடுவில் அது என் தலையிலேயே இருந்திருக்கிறது.

“அடுத்ததை ஏத்துங்கடா,” என்று முதலாளி உள்ளே பார்த்துக் கத்தினார். நன்றாகவே கத்தினார். எனக்கு உயிர் வந்தது.

இரண்டாவது பலகையையும் முடித்துவிட்டு, வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள். மதியத்திலிருந்து ஒரு ஊசிகூடக் கோக்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பின்னாலிருந்து மாமா கத்தியது எனக்கும் கேட்டது.

“இப்ப மணி என்னடி?” என்றாள்.

“நாலாகப் போகுது.”

“வெட்டினியா?”

“ரெண்டு. ரெண்டும் சரி.”

மூக்கை உறிஞ்சினாள். “அப்ப அந்த வெண்ணெய் நிறம் நேரத்துக்கு வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. நீ கண்ணை மூடிக்கிட்டுப் போட்டியே, அதுதான்.”

“நாளைக்கும் மூடிக்கறேன்,” என்றாள் அக்கா. “நீ மட்டும் திறந்து வெச்சுக்கோ.”

சரி என்று சொல்லிவிட்டு, மூன்றாவது பலகையை ஏற்ற உள்ளே போனேன்.